தவிடும் தத்துவமும்

நீண்ட நாள் நோயின்றி வாழ வேண்டும் என்ற விருப்பம் எல்லா நாட்டு மக்களுக்கும் உண்டு. அந்த விருப்பத்திலிருந்து வைத்திய நூல்கள் பிறந்தன. யோக முறைகள் பிறந்தன. பத்திய விதிகளும் பிறந்தன. அவ்வாறு பிறந்த பத்திய முறைகளுள் ஒன்றின் வரலாற்றை இன்று எடுத்துக்கொண்டிருக்கிறேன். ‘மாக்ரோபயாடிக்’ உணவு முறை என்பது அதன் பெயர். ‘மாக்ரோஸ்’ என்ற கிரேக்கச் சொல்லுக்கு நீண்ட என்று பொருள். ‘பியோஸ்’ என்பதற்கு வாழ்வு என்று பொருள். ஆகவே, நெடுவாழ்வுக் கலை என்று நாம் அதைத் தமிழில் வழங்கலாம்.

பெயர் கிரேக்கம், அதை நூலின் முகப்பில் ஏற்றிப் புகழ் பெறச் செய்தவர் ஒரு ஜெர்மானியர், இன்று அப்பெயரால் உலகில் வழங்கும் உணவு முறையோ ஜப்பானில் பிறந்தது. ஜெர்மானியர் பெயர் ஹூஃபெலாண்ட். கெத்தே, ஷில்லர் போன்ற பெருங் கவிஞர்களுக்கு வைத்தியம் பார்த்தவர். மனித வாழ்நாளை நீட்டிக்கும் கலையைப் பற்றி 18-ஆம் நூற்றாண்டின் இறுதியில் அவர் எழுதிய நூல், 1805-ஆம் ஆண்டுப் பதிப்பில் ‘மாக்ரோபயாடிக்’ என்ற பெயரைத் தாங்கி வந்தது. அளவான எளிய உணவு, தூய காற்று, நல்ல உறக்கம், அமைதியான மனம் ஆகியவையே அவர் சொன்ன வழி. அதில் அதிசயம் ஒன்றுமில்லை, தீங்கும் இல்லை.

ஜப்பானில் பிறந்த முறையின் கதை அத்தனை அமைதியானதன்று. அது அரிசியின் கதை. ஒரே அரிசி இரண்டு விதமாக மனித உயிரைக் கவர்ந்ததை அக்கதையில் நாம் காண்கிறோம். வெள்ளை வெளேரென்று தீட்டிய அரிசியே உயர்வு என்று எண்ணியதால் முதலில் பல்லாயிரவர் மாண்டனர். தீட்டாத அரிசி ஒன்றே போதும் என்று எண்ணியதால் பின்னர்ச் சிலர் மாண்டனர். முதல் தவறு நாகரிகத்தின் பெயரால் நடந்தது. இரண்டாவது தவறு அந்த நாகரிகத்தைத் திருத்த வந்த தத்துவத்தின் பெயரால் நடந்தது. இவ்விரண்டையும் சேர்த்துப் பார்த்தாலன்றி இந்த உணவு முறையின் மதிப்பை நாம் சரியாக எடைபோட இயலாது என்பதே என் கருத்து.

முதலில் வெள்ளை அரிசியின் கதை. இன்றைய டோக்கியோ நகருக்குப் பழைய பெயர் எடோ. ஷோகன்கள் என்னும் படைத்தலைவர்கள் ஆண்ட காலத்தில் எடோ நகரத்தார் நன்றாகத் தீட்டிய வெள்ளை அரிசிச் சோறு உண்பதைப் பெருமையாகக் கருதினர். நாட்டுப்புற மக்களோ தவிடு நீங்காத அரிசியையும் வாற்கோதுமையையும் தினையையும் உண்டு காலங்கழித்தனர். அந்த நாளில் எடோவுக்கு வந்து தங்கியவர்களைப் புதுமையான நோய் ஒன்று பற்றிக்கொண்டது. கால்கள் மரத்துப்போகும், வீங்கும், நடை தள்ளாடும், முடிவில் நெஞ்சு படபடத்து உயிர் பிரியும். நோயாளி ஊருக்குத் திரும்பிச் சில வாரங்கள் நாட்டுப்புற உணவை உண்டால் தானே குணமாகிவிடும். ஆகவே மக்கள் அதனை ‘எடோ நோய்’ என்றே அழைத்தனர். வைத்தியர்கள் வழங்கிய பெயர் ‘காக்கே’. நாம் அறிந்த பெயர் பெரிபெரி. 1866-ஆம் ஆண்டு ஷோகன் இயெமோச்சி தமது 20-ஆம் வயதில் இந்நோயால் மாண்டார். செல்வத்தின் உச்சியில் இருந்தவரையும் அரிசியின் வெண்மை விட்டுவைக்கவில்லை.

ஷோகன்களின் ஆட்சி மறைந்து மெய்ஜிப் பேரரசரின் ஆட்சி மலர்ந்தது. ஜப்பான் புதிய கடற்படையையும் தரைப்படையையும் அமைத்தது. படையில் சேரும் ஏழை இளைஞனுக்கு வயிறாரச் வெள்ளைச் சோறு கிடைக்கும் என்பதே ஒரு கவர்ச்சியாக இருந்தது. அந்தச் சோறே அவனுக்கு எமனாயிற்று. 1882-ஆம் ஆண்டின் இறுதியில் ‘ரியூஜோ’ என்ற பயிற்சிக் கப்பல் நியூசிலாந்து, தென்னமெரிக்கா, ஹவாய் ஆகிய இடங்களை நோக்கிப் புறப்பட்டது. கப்பலில் இருந்தவர் 376 பேர். பெரிபெரியால் துன்புற்றவர் 169 பேர். இறந்தவர் 25 பேர். எதிரியின் குண்டு ஒன்றும் பாயவில்லை, புயலும் அடிக்கவில்லை. சோற்றுப் பானையே அவர்களைக் கொன்றது.

அப்பொழுது கடற்படை வைத்தியராக இருந்தவர் தகாகி கனெஹிரோ. லண்டன் மாநகரில் மருத்துவம் பயின்று 1880-இல் தாய்நாடு திரும்பியவர். அதிகாரிகளை விட மாலுமிகளையே இந்நோய் மிகுதியாகத் தாக்குவதைக் கண்டார். இருசாராரும் வாழ்வது ஒரே கப்பல். சுவாசிப்பது ஒரே காற்று. வேறுபடுவது உணவு மட்டுமே. ஆகவே உணவை மாற்றிப் பார்க்க வேண்டும் என்று மேலிடத்தில் வாதாடினார். 1884-இல் ‘சுகுபா’ என்ற மற்றொரு கப்பல், ரியூஜோ சென்ற அதே வழியில், அதே அளவு நாட்களுக்கு அனுப்பப்பட்டது. இம்முறை அரிசியைக் குறைத்து, இறைச்சி, ரொட்டி, பயறு முதலியவற்றைக் கூட்டியிருந்தார் தகாகி. கப்பல் திரும்பியது. நோயுற்றவர் மிகச் சிலர். பெரிபெரியால் இறந்தவர் ஒருவரும் இல்லை. பின்னர் அரிசியோடு வாற்கோதுமையைக் கலந்து கொடுக்கும் வழக்கம் வந்தது. சில ஆண்டுகளுக்குள் ஜப்பானியக் கடற்படையிலிருந்து அந்நோய் ஏறக்குறைய மறைந்தே போயிற்று.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். தகாகியின் மருந்து சரி; அவர் சொன்ன காரணம் சரியன்று. உணவில் புரதச் சத்து குறைந்ததே நோய்க்கு மூலம் என்று அவர் நம்பினார். உண்மையான மூலத்தை அறிய உலகம் இன்னும் கால் நூற்றாண்டுக்கு மேல் காத்திருக்க வேண்டியிருந்தது. ஆயினும் தம் கருத்தைச் சோதனைக்கு உட்படுத்த அவர் அஞ்சவில்லை. சோதனையே அவரைக் காப்பாற்றியது, மாலுமிகளையும் காப்பாற்றியது.

தரைப்படையின் வைத்தியர்கள் இதனை ஏற்கவில்லை. அவர்களுள் முதன்மையானவர் மோரி ரிந்தாரோ. மோரி ஓகாய் என்ற புனைபெயரால் ஜப்பானிய இலக்கியத்தில் அழியாப் புகழ் பெற்றவர் இவரே. ஜெர்மனியில் பயின்ற இவரும் இவருடைய மேலதிகாரிகளும் நோய்க்குக் கிருமியே காரணமாக இருக்க வேண்டும் என்று கருதினர். காரணம் இன்னதென்று நிரூபிக்கப்படாத மருந்தை ஏற்பது விஞ்ஞானமாகாது என்பது அவர்கள் கட்சி. கேட்பதற்கு நியாயமாகத்தான் தோன்றுகிறது. ஆனால் விளைவு என்ன? 1904, 1905-ஆம் ஆண்டுகளில் ரஷ்யாவுடன் நடந்த போரில் ஜப்பானியத் தரைப்படையில் சுமார் 2,50,000 வீரர்களைப் பெரிபெரி தாக்கியது. சுமார் 27,000 பேர் மாண்டனர். போரின் இறுதிக் கட்டத்தில்தான் வாற்கோதுமை அவர்கள் தட்டுக்கு வந்தது. கற்றறிந்தோரின் பிடிவாதம் எத்தனை விலை உயர்ந்தது என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டியதில்லை.

இந்தப் பின்னணியில்தான் நம் கதாநாயகர் தோன்றுகிறார். இஷிஸுகா ஸாகென் என்பது அவர் பெயர். எச்சிஸென் நாட்டில் 1850-ஐ ஒட்டிப் பிறந்தவர். தரைப்படையின் மருத்துவத் துறையிலேயே பணியாற்றியவர். மேல்நாட்டு இரசாயனத்தையும் கீழ்நாட்டு வைத்தியத்தையும் கற்றுத் தேர்ந்தவர். 1896-இல் உணவையும் நீண்ட ஆயுளையும் பற்றிய தம் இரசாயனக் கொள்கையைப் பெருநூலாக வெளியிட்டார். 1907-இல் அவர் கொள்கையைப் பரப்ப ‘ஷொகுயோகாய்’ என்ற உணவுச் சபை நிறுவப்பட்டது. 1909-இல் அவர் காலமானார்.

இஷிஸுகாவின் கொள்கைகளை நான்கு வாக்கியங்களில் சுருக்கிச் சொல்லிவிடலாம். முதலாவது, மனிதன் தானியம் உண்ணப் பிறந்தவன். மனிதனுக்குப் பற்கள் 32. அவற்றுள் 20 பற்கள் தானியத்தை அரைக்க ஏற்றவை. 8 பற்கள் காய்கனிகளைக் கடிக்க ஏற்றவை. இறைச்சியைக் கிழிக்க ஏற்ற கோரைப் பற்கள் நான்கே. ஆகவே உணவும் அந்த விகிதத்தில் அமைய வேண்டும் என்றார். இரண்டாவது, உடலும் மண்ணும் வேறல்ல. ஒருவன் வாழும் நிலத்தில், அந்தந்தப் பருவத்தில் விளைவதே அவனுக்கு ஏற்ற உணவு. மூன்றாவது, பொருளை முழுமையாக உண்ண வேண்டும். அரிசியைத் தவிட்டோடும், காயைத் தோலோடும், சிறு மீனைத் தலையோடும் வாலோடும் உண்பதே முறை. நான்காவது, சமநிலை. உணவில் உள்ள சோடியம், பொட்டாசியம் என்னும் இரு தாதுக்களின் விகிதமே உடலின் நலத்தையும் மனத்தின் இயல்பையும் நிர்ணயிக்கிறது என்று அவர் நம்பினார்.

அந்நாளில் மேல்நாட்டு உணவியல் புரதத்தையே பெரிதாகப் பேசிக்கொண்டிருந்தது. இறைச்சியும் பாலும் உண்டால்தான் ஜப்பானியன் ஐரோப்பியனைப் போல் உயர்வான் என்று பலர் எண்ணினர். அக்காலத்தில், ‘உங்கள் முன்னோர் உண்ட தவிட்டரிசியையும் முள்ளங்கியையும் கடற்பாசியையும் இகழாதீர்கள்’ என்ற கருத்தை ஒரு படை வைத்தியர் துணிந்து சொன்னார் என்றால் அது சிறிய செய்தியன்று. ஜப்பானிய எழுத்து முறையில் அரிசிக்குரிய எழுத்தோடு வெண்மைக்குரிய எழுத்தைச் சேர்த்தால் சக்கை என்று பொருள்படும்; அரிசிக்குரிய எழுத்தோடு நலத்தைக் குறிக்கும் எழுத்தைச் சேர்த்தால் தவிடு என்று பொருள்படும். தவிட்டரிசிக் கட்சியினர் இந்த எழுத்து விநோதத்தை எடுத்துச் சொல்லி மகிழ்வது வழக்கம். சொல் விளையாட்டு சாத்திரமாகாது; எனினும் இவ்விடத்தில் அது உண்மைக்கு மிக அருகில் வந்து நின்றது.

அவ்வுண்மையை வெளிப்படுத்தியவர்கள் வேறு இடங்களில் இருந்தனர். ஜாவாத் தீவின் பத்தேவியா நகரில், இன்றைய ஜகார்த்தாவில், ஐக்மன் என்ற டச்சு வைத்தியர் கோழிகளை வைத்துப் பெரிபெரியை ஆராய்ந்துகொண்டிருந்தார். தீட்டிய அரிசிச் சோற்றைத் தின்ற கோழிகள் கால் தளர்ந்து விழுந்தன. தவிடு கொடுத்ததும் எழுந்து நடந்தன. 1897-இல் வோர்டர்மன் என்பவர் ஜாவாவில் உள்ள சிறைச்சாலைகளில் கைதிகளின் உணவைக் கணக்கெடுத்து, வெள்ளை அரிசி வழங்கிய சிறைகளில்தான் பெரிபெரி மலிந்திருப்பதைக் காட்டினார். அரிசியின் மாவில் நஞ்சு இருக்கிறது, அதற்குத் தவிடு முறிவு என்று ஐக்மன் முதலில் கருதினார். 1901-இல் கிரைன்ஸ் என்பவர், நஞ்சு ஒன்றும் இல்லை, தவிட்டோடு நாம் எறிந்துவிடும் ஏதோ ஒரு சத்தின் குறைவே நோய் என்று தெளிவுபடுத்தினார். அச்சத்தே பின்னர் வைட்டமின் பி1, அதாவது தையமின், எனப் பெயர் பெற்றது. 1926-இல் அது தனியாகப் பிரித்தெடுக்கப்பட்டது. 1936-இல் செயற்கையாகவும் ஆக்கப்பட்டது. ஐக்மனுக்கு 1929-இல் நோபல் பரிசு கிடைத்தது.

இந்த ஆராய்ச்சியில் தமிழர்க்கும் ஒரு பங்கு உண்டு என்பதை நேயர்கள் அறிந்தால் மகிழ்வார்கள். மலேயாவின் ஈயச் சுரங்கங்களில் உழைத்த சீனத் தொழிலாளர்களைப் பெரிபெரி ஆயிரக்கணக்கில் கொன்றது. அதே நாட்டில் ரப்பர்த் தோட்டங்களிலும் இருப்புப்பாதையிலும் உழைத்த தமிழ்த் தொழிலாளர்களிடையே அந்நோய் அரிதாகவே காணப்பட்டது. இருவரும் வறியவர், இருவரும் சோற்றையே நம்பி வாழ்ந்தவர். சீனர் உண்டது சயாமிலிருந்து வந்த பச்சரிசி. ஆலையில் நன்கு தீட்டப்பட்டது. தமிழர் உண்டது புழுங்கலரிசி. இந்த வேறுபாட்டை மலேயாவில் பணியாற்றிய பிராடன் என்ற ஆங்கில வைத்தியர் எடுத்துக்காட்டி, 1907-இல் நூலாகவும் வெளியிட்டார். பின்னர் பிரேசர், ஸ்டான்டன் என்ற இருவர் நெகிரி செம்பிலான் காட்டில் சாலை அமைத்துக்கொண்டிருந்த சுமார் 300 ஜாவானியத் தொழிலாளர்களை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவுக்குப் புழுங்கலும் மறு பிரிவுக்கு வெள்ளைப் பச்சரிசியும் கொடுத்துப் பார்த்தனர். நோய் வெள்ளை அரிசியைத் தொடர்ந்தே சென்றது.

தஞ்சை வட்டாரத்தில் வளர்ந்த எனக்கு நெல் அவியும் மணம் புதியதன்று. நெல்லை ஊறவைத்து, அண்டாவில் அவித்து, களத்தில் உலர்த்திக் குத்தும் வேலையை எங்கள் வீட்டுப் பெண்கள் உமி எளிதில் நீங்கும், அரிசி நொறுங்காது என்பதற்காகவே செய்தார்கள். நெல் ஊறி அவியும்போது தவிட்டில் உள்ள சத்தின் ஒரு பகுதி அரிசியின் உள்ளே சென்று பதிந்துவிடுகிறது என்பதும், ஆகையால் தீட்டினாலும் அது முழுவதும் போய்விடாது என்பதும் அவர்களுக்குத் தெரியாது. தெரியாமலேயே கடல் கடந்து சென்ற உறவினரின் உயிரை அவர்கள் காத்தார்கள். பின்னாளில் குன்னூர் ஆராய்ச்சிக் கூடத்தில் இருந்த ஆய்க்ராய்ட் முதலியோரும், பழைய சென்னை மாகாணத்தில் பெரிபெரி மிகுந்திருந்தது ஆலைப் பச்சரிசி உண்ட வடசர்க்கார் மாவட்டங்களிலேயே என்று கண்டனர்.

ஆகவே தவிட்டின் பெருமையைப் பற்றி இஷிஸுகா சொன்னது வீண் பேச்சன்று. அவருடைய சோடிய, பொட்டாசியக் கணக்கு பிழையாக இருக்கலாம். அவர் கையில் கொடுத்த அரிசி நல்ல அரிசி. தகாகியைப் போலவே இவரும் காரணத்தில் தவறிக் காரியத்தில் வென்றவர். ஆனால் தகாகியின் கொள்கையைப் பின்வந்தோர் திருத்திக்கொண்டனர். இஷிஸுகாவின் கொள்கையோ திருத்தப்படாமல் ஒரு தத்துவமாக இறுகியது. அதைத் தத்துவமாக்கியவர் ஸகுரஸாவா நியோஇச்சி. ஜார்ஜ் ஓஸாவா என்ற பெயரால் உலகம் அவரை அறியும்.

ஓஸாவா 1893-இல் பிறந்தவர். வறுமையில் வளர்ந்தவர். இளமையில் காசநோயால் துன்புற்றபோது இஷிஸுகாவின் நூலைப் படித்து, அம்முறைப்படி உண்டு குணமடைந்ததாக அவரே எழுதியிருக்கிறார். உணவுச் சபையில் சேர்ந்து உழைத்தார். 1929-இல் பாரிஸ் நகரம் சென்று, கீழ்நாட்டுத் தத்துவத்தைப் பிரெஞ்சு மொழியிலேயே எழுதிப் பரப்பினார். இந்தியாவுக்கும் வந்தார், ஆப்பிரிக்காவில் ஆல்பர்ட் ஷ்வைட்ஸரின் மருத்துவமனைக்கும் சென்றார். அஞ்சாத உள்ளமும் ஓயாத உழைப்பும் படைத்தவர் என்பதில் ஐயமில்லை. போர்க்காலத்தில் ஜப்பானிய அரசின் சிறையிலும் இருந்தவர்.

இஷிஸுகா சோடியம் என்றும் பொட்டாசியம் என்றும் சொன்னதை, ஓஸாவா ‘யாங்’ என்றும் ‘யின்’ என்றும் மாற்றினார். பழஞ் சீனத் தத்துவத்தில் இவை இரண்டும் உலகை இயக்கும் எதிர் எதிர் ஆற்றல்கள்; வெம்மையும் தண்மையும் போல, பகலும் இரவும் போல. உப்பும் முட்டையும் இறைச்சியும் யாங். சர்க்கரையும் பழமும் மதுவும் யின். இரண்டுக்கும் நடுவே சமநிலையில் நிற்பது தானியம். சூடு, குளிர்ச்சி என்று உணவைப் பிரித்துப் பேசிப் பழகிய நமக்கு இந்தப் பேச்சு அந்நியமாகத் தோன்றாது. களைப்பின்மை, நல்ல பசி, நல்ல உறக்கம், நல்ல நினைவாற்றல், நல்ல மனநிலை, சிந்தனையிலும் செயலிலும் தெளிவு ஆகியவற்றையே நலத்தின் அடையாளங்களாக அவர் வகுத்தார். பின்னர் நேர்மையையும் அவற்றோடு சேர்த்தார். ஒரு கவளத்தை 50 முறையேனும் மெல்ல வேண்டும் என்றார். இதுவரையில் குறை சொல்ல அதிகம் இல்லை.

குறை எங்கே தொடங்கியது? 1960-இல் வெளியான தம் ஆங்கில நூலில் ஓஸாவா பத்து வகை உணவுப் படிகளை வகுத்தார். கீழ்ப்படிகளில் காய், பழம், மீன், இறைச்சி ஆகியவற்றுக்கு இடம் உண்டு. மேலே ஏற ஏற அவை ஒவ்வொன்றாக விடைபெறும். உச்சியில் உள்ள ஏழாம் எண் படியில் தானியம் மட்டுமே. நீர் அருந்துவதையும் குறைக்கச் சொன்னார். அந்த உச்சிப் படியே மிக உயர்ந்தது, எளியது, அறிவு மிக்கது என்றும், எல்லாப் பெரு நோய்களுக்கும் அதுவே மருந்து என்றும் அவர் போதித்தார். வைட்டமின் சி இல்லாவிட்டால் என் செய்வது என்று கேட்டவர்களுக்கு, உடலே அதை உண்டாக்கிக்கொள்ளும் என்றார். ஒரு தாது உடலுக்குள் மற்றொரு தாதுவாக மாறும் என்ற கருத்தையும் ஆதரித்தார். இரசாயனமும் பௌதிகமும் ஏற்காத கருத்து அது. நாயும் பசுவும் வைட்டமின் சியைத் தம் உடலில் உண்டாக்கிக்கொள்ளும், மனிதனால் இயலாது. தீட்டாத அரிசியில் பி1 உண்டு; ஆனால் வைட்டமின் சி இல்லை; பி12 இல்லை; சுண்ணாம்புச் சத்தும் மிகக் குறைவு.

இவ்விடத்தில் தத்துவம் சாமர்த்தியமாகத் தன்னைச் சுற்றி ஒரு மதிலை எழுப்பிக்கொண்டது. பத்தியத்தால் உடல் தேறினால் அது தத்துவத்தின் வெற்றி. உடல் மெலிந்தால், பழைய நஞ்சு வெளியேறுகிறது என்றோ, பத்தியத்தைச் சரியாகக் கடைப்பிடிக்கவில்லை என்றோ சொல்லலாம். எந்த விளைவு வந்தாலும் தோற்காத கொள்கை சோதனைக்கு உட்படாத கொள்கை. அதை நம்புகிறவனுக்கு ஆபத்து நேரும்போது எச்சரிக்க யாரும் இருப்பதில்லை; அவனுடைய உடலே எச்சரித்தாலும் அவன் கேட்பதில்லை.

அப்படித்தான் நேர்ந்தது. 1965-ஆம் ஆண்டு நவம்பர் மாதத்தில் அமெரிக்காவின் நியூ ஜெர்சி மாநிலத்தில் 24 வயதான ஓர் இளம் பெண் உடல் மெலிந்து உயிர் துறந்தாள். பல மாதங்களாக அவள் உண்டுவந்தது ஏழாம் எண் உணவு. வறுமையால் பட்டினி கிடந்தவள் அல்லள்; உணவு மலிந்த நாட்டில், நலம் தேடி, நம்பிக்கையோடு பட்டினி கிடந்தவள். அவளைப் போல் வேறு சிலரும் இறந்தது பிறகு தெரியவந்தது. 1967-இல் இப்பத்தியத்தால் ஸ்கர்வி நோய் உண்டானதை அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் இதழ் வெளியிட்டது. பாய்மரக் கப்பல் காலத்தில், பல மாதம் காய்கனி காணாத மாலுமிகளைக் கொன்ற நோய் அது. 1971-இல் அதே சங்கத்தின் உணவுக் குழு இம்முறையின் கடுமையான வடிவத்தைக் கண்டித்து அறிக்கை விடுத்தது. ஓஸாவா 1966-ஆம் ஆண்டு டோக்கியோவில் காலமானார்.

மாலுமியின் வெள்ளைச் சோறும் அப்பெண்ணின் தவிட்டுச் சோறும் ஒன்றுக்கொன்று எதிரானவை என்று தோன்றும். ஆழ்ந்து நோக்கினால் இரண்டுக்கும் குற்றம் ஒன்றே. தட்டில் ஒரே பொருள். அதுவே போதும் என்ற நம்பிக்கை. அந்நம்பிக்கையைக் காக்க அறிஞர் ஒருவரின் சொல். வெண்மையை வணங்கியவர்களும் தவிட்டை வணங்கியவர்களும் ஒரே பாதையில்தான் நடந்தார்கள்.

கதை இத்துடன் முடிந்திருந்தால் இதைச் சொல்ல நான் முன்வந்திருக்க மாட்டேன். ஓஸாவாவின் மாணவர் மிச்சியோ குஷி என்பவர். 1949-இல் அமெரிக்கா சென்று, பின்னர் பாஸ்டன் நகரை இருப்பிடமாகக் கொண்டவர். அவரும் அவர் மனைவி ஆவெலினும் பத்துப் படிகளை ஒதுக்கிவிட்டுப் பொதுவான உணவுத் திட்டம் ஒன்றை வகுத்தனர். உணவில் ஏறக்குறையப் பாதி முழுத் தானியம். கால் பங்கோ அதற்குச் சற்று மேலோ காய்கறி. எஞ்சிய பகுதி பருப்பு வகை, கடற்பாசி, மிஸோ என்னும் புளிக்கவைத்த சோயா விழுது இட்ட சாறு. இடையிடையே மீனும் பழமும். தீட்டாத தானியமும் சோயா உணவும் அமெரிக்கக் கடைகளுக்கு வந்து சேர்ந்ததில் இவர்கள் 1966-இல் தொடங்கிய சிறு கடைக்கும் பங்கு உண்டு. எனினும், புற்றுநோயையும் இவ்வுணவு தீர்க்கும் என்று பரவிய நம்பிக்கைக்கு முறையான சோதனைகளில் சான்று கிடைக்கவில்லை. அதை நம்பி உரிய சிகிச்சையைக் கைவிடுவது பழைய மதிலுக்குள் மீண்டும் புகுவதாகும்.

நெஞ்சுக்கு ஆறுதல் தரும் செய்தி ஹாலந்து நாட்டிலிருந்து வருகிறது. 1980-களில் அந்நாட்டின் வாகனிங்கன் வேளாண்மைப் பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்கள், மாக்ரோபயாடிக் குடும்பங்களில் பிறந்த குழந்தைகளை முறையாக ஆராய்ந்தனர். தாய்ப்பால் குறைந்து திட உணவு தொடங்கும் பருவத்தில் அக்குழந்தைகளின் வளர்ச்சி பின்தங்குவதையும், சிலருக்கு எலும்பு வளைவு நோய் இருப்பதையும், வைட்டமின் பி12 குறைவையும் கண்டனர். கடற்பாசியே பி12 தரும் என்று பெற்றோர்கள் நம்பியிருந்தனர். கொடுத்துப் பார்த்தபோது குழந்தைகளின் குறை தீரவில்லை. அந்தப் பெற்றோர்களை இகழ்ந்து ஒதுக்காமல், உணவில் எண்ணெயும் கொழுப்பு மிகுந்த மீனும் ஓரளவு பாற்பொருள்களும் சேர்க்கும்படி ஆராய்ச்சியாளர்கள் யோசனை கூறினர். பெற்றோர்களிலும் பலர் தத்துவத்தைவிடக் குழந்தை பெரிது என்று உணர்ந்து மாற்றிக்கொண்டனர். மாற்றிக்கொண்ட வீடுகளில் குழந்தைகள் மேலும் நன்றாக வளர்ந்தன. சுகுபா கப்பல் திரும்பிவந்த நாளில் நிகழ்ந்தது போன்ற வெற்றி என்றே இதை நான் கருதுகிறேன்.

அப்படியானால் இந்த நெடுவாழ்வுக் கலையில் நாம் எதைக் கொள்வது, எதைத் தள்ளுவது? தானியத்தை அளவுக்கு மீறித் தீட்டாதிருப்பது நன்று. நம் மண்ணில், நம் பருவத்தில் விளைவதை உண்பது நன்று. மென்று உண்பதும், அளவறிந்து உண்பதும், சர்க்கரையைக் குறைப்பதும் நன்று. இவற்றை ஏற்க யின் என்றும் யாங் என்றும் கற்க வேண்டிய அவசியமில்லை. நம் பாட்டிமார் கூழோடு கீரையும், சோற்றோடு பருப்பும், இறுதியில் மோரும் வைத்தார்களே, அந்த இலையிலேயே இவை அடங்கியிருக்கின்றன. அந்த இலையின் சிறப்பு அதில் இருந்த எந்த ஒரு பொருளிலும் இல்லை. பல பொருள்கள் ஒன்றன் குறையை மற்றொன்று நிறைவு செய்து நின்றதிலேயே இருக்கிறது.

தள்ள வேண்டியது ஒன்றே ஒன்று. ஓர் உணவே எல்லா நோய்க்கும் மருந்து என்றும், ஒரு கொள்கையே எல்லாக் கேள்விக்கும் விடை என்றும் எவர் வந்து சொன்னாலும், அவர் நரைத்த முனிவராயினும் சரி, பட்டம் பெற்ற விஞ்ஞானியாயினும் சரி, நாம் ஒரு கேள்வி கேட்க வேண்டும்: ‘உங்கள் கொள்கை தவறு என்று எதைக் கண்டால் நீங்கள் ஒப்புக்கொள்வீர்கள்?’ அதற்கு விடை சொல்லக்கூடியவர் கையில் சோற்றைத் தயங்காமல் வாங்கி உண்ணலாம். விடை சொல்ல மறுப்பவர் எத்தனை நல்ல அரிசியைக் கொண்டுவந்தாலும், அதோடு கொஞ்சம் கீரையும் பருப்பும் சேர்த்துக்கொண்டே நாம் உண்போம்.